ஆறாம் ஆண்டு, முப்பத்தாறாம் வாரம்

உட்காருங்கள் அம்மா. அந்த ஸ்டூல் ஆடும், இந்தப் பெஞ்சில் உட்காருங்கள். கரண்ட் போனால் போனதுதான், எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். கடைக்காரர் பீர் பாயைக் கேட்டால் "இந்தா வந்துரும் சார்" என்பார். எட்டு வருஷமாக அதைத்தான் சொல்கிறார். தென்காசியில் வேறு ஜெராக்ஸ் கடையே இல்லையா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. இருக்கிறது. எனக்கு இந்தக் கடைதான்.

பையை நான் மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். ஆறு ஃபைல். சிவகாசியிலிருந்து பஸ் மாறி நீங்கள் வந்ததே இதற்காகத்தானே. கரண்ட் வந்ததும் போட்டுத் தந்துவிடுகிறேன், ஆறு வருஷமும், ஒரு தாள் விடாமல். வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் கோயம்புத்தூரிலிருந்துகூட வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். 'மங்கையின் திட்டம்' என்றுதான் அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் பேர். என் மனைவி பேர் மங்கையர்க்கரசி.

இப்போது வாசலில் நிற்கும்போது ஒன்று கேட்டீர்களே, "இம்புட்டையும் அக்கா எப்படி சார் எழுதினாங்க, உடம்பும் சரியில்லாம இருந்தாங்கன்னு சொன்னாங்களே" என்று. இதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லாரும் தாளை எண்ணிப் பார்த்துவிட்டு நன்றி சொல்லிப் போய்விடுவார்கள். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், கரண்டும் போய்விட்டது. சொல்கிறேன்.

முதலில் திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு முப்பத்தாறு வாரம். வாரத்துக்கு ஒரு தாள். தாள் ஒரு உறைக்குள், உறை மேல் ஆண்டு, வாரம். திங்கட்கிழமை காலையில் இட்லித் தட்டு பக்கத்தில் உறை இருக்கும், சின்னவள் ஆதிரை பிரிப்பாள், பெரியவள் இளவேனில் படிப்பாள். முதல் வருஷம் கற்காலம், ஆற்றங்கரை நகரங்கள். இரண்டாவது சங்க காலம், ரோமாபுரி, புத்தர். மூன்றாவது பல்லவர், பாண்டியர், சோழர், அந்தப் பக்கம் அரேபியா, சீனா. நாலாவது கப்பலில் வந்தவர்கள். ஐந்தாவது வெள்ளைக்காரன் ஆட்சியும் சுதந்திரமும். ஆறாவது நம்முடைய நூற்றாண்டு, நம்முடைய ஊர், கடைசி வாரம் நம் வீடு.

நானும் வரலாறு படித்தவன்தான். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் இங்கிலீஷ். இரண்டு மொழியிலும் அசோகர் சாலையோரம் மரம் நட்டார், அவ்வளவுதான் ஞாபகம். மங்கை அப்படியில்லை. திருநெல்வேலியில் எம்.ஏ. வரலாறு. நான் ரோட்டர்டாம் துறைமுகத்தில் கிரேன்களுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த பதினாலு வருஷமும், அவள் அந்தக் குளிரில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். ஊர் திரும்பியதும் சொல்லிவிட்டாள், "பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் குடுக்கேன். மரம் நட்டதையும் சொல்லுவேன், மரத்துக்குத் தண்ணி ஊத்துனது யாருன்னும் கேப்பேன்."

முதல் வருஷம் முதல் வாரத் தாள் என்ன தெரியுமா? பார்த்தால் சிரிப்பீர்கள். சமையலறையிலுள்ள பாத்திரத்தையெல்லாம் வெளியே எடுத்துப் போடு. பேர் வெட்டியிருப்பதைப் படி. வருஷப்படி வரிசையாக அடுக்கு. நம் வீடுகளில் சில்வர் பாத்திரம் கொடுத்தால் பேர், தேதி வெட்டித்தானே கொடுப்போம்? மங்கைக்குச் சடங்கு சுற்றின அன்று அத்தை கொடுத்த தூக்குவாளி, எங்கள் கல்யாணத்துக் குடம், வேனிலுக்குக் காது குத்தினபோது வந்த கிண்ணம். கூடத்திலிருந்து வாசல் வரை வரிசை போயிற்று. அந்த நாற்பத்தொரு பாத்திரத்தில் எட்டு வயசு வேனில் எங்கள் குடும்பத்தின் காலவரிசையையே படித்துவிட்டாள். ஒரு சொம்பில் வருஷம் இல்லை. "வருஷம் இல்லாத சாமானை நம்பாத" என்று மங்கை அதைத் தனியாக எடுத்து வைத்தாள்.

மூன்று கேள்விதான் அவளுக்கு. கையில் எது கிடைத்தாலும் வருஷம் எங்கே என்று பார். செய்தவர் யார் என்று பார். யாரை இதில் காணவில்லை என்று பார். ஒவ்வொரு தாளிலும் கடைசியில் ஒரு கேள்வி எழுதுவாள், அதற்கு மட்டும் விடை எழுத மாட்டாள். பிள்ளைகள் வாரம் முழுக்க அதைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும்.

முதல் வருஷம் முடிவதற்குள் அவளுக்கு அந்த நோய் வந்துவிட்டது. எந்த இடத்தில் வந்தது, எப்போது கண்டுபிடித்தார்கள், அதெல்லாம் வேண்டாம். திருநெல்வேலிக்கும் மதுரைக்குமாக அலைந்தோம். அவள் போகிற இடமெல்லாம் பாண்ட் பேப்பரும் பழுப்பு மைப் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தாள். பேப்பர் இந்தக் கடைப் பேப்பர்தான். ஆறு வருஷத்துக்கும் எழுதி வைத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. எழுதினாள். இரண்டாம் வருஷம் முப்பத்தாறாம் வாரம் வரைக்கும் எழுதினாள்.

அவ்வளவுதான் அம்மா. இரண்டு வருஷம். மூன்றாவது ஃபைலில் தலைப்பு மட்டும் எழுதியிருந்தாள்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "முடிக்க முடியலங்க. விட்டுருங்க. ரெண்டு பேரையும் பள்ளிக்கூடத்துல சேத்துருங்க. பிள்ளைகளோட பிள்ளைகளா இருக்கட்டும்." அறையில் அவளும் நானும் மட்டும்தான். வேனில் வாசல் பக்கம் வராந்தாவில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். வலியில் சொன்னது அது. வலியில் ஆயிரம் சொல்வார்கள். பதினாலு வருஷம் யோசித்த ஒன்றை ஒருத்தி இரண்டு நிமிஷத்தில் விட்டுவிடுவாளா? நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு அக்டோபரில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆதிரைக்கு அப்போது ஐந்து வயசு. அவ்வளவு பேருக்கு நடுவில் கேட்கிறாள், "அப்பா, அம்மா இனிமே திங்கக்கிழமை எழுத மாட்டாளா?" நான் சொன்னேன், "அம்மா ஆறு வருஷத்துக்கும் எழுதி பீரோல வச்சிட்டுப் போயிருக்கா கண்ணு." வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு எடுக்க முடியுமா?

இருந்த தாள் மார்ச் வரை வந்தது. ஜூனில் மூன்றாம் வருஷம் தொடங்க வேண்டும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே வந்தேன். அதோ, பேப்பர் ரிம் அடுக்கியிருக்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு மேஜை தெரிகிறதா? அங்கே உட்கார்ந்தேன். அவளுடைய பழைய தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்தை அப்படியே பார்த்துப் பார்த்து. அவள் 'ழ' போட்டால் வால் அடுத்த வரியைத் தொடும். 'இ' போட்டால் உட்கார்ந்திருக்கிற கோழி மாதிரி இருக்கும். ஒரு தாளுக்கு நாலு மணி நேரம் ஆயிற்று. பாய் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், பொம்பளப் பிள்ளை எழுத்து மாதிரில்லா இருக்கு?"

"ஆபீஸ் வேலை பாய்."

"ஆபீஸ்ல பல்லவனைப் பத்தியா கேக்கான்?"

திங்கட்கிழமை ஆதிரை உறையைப் பிரித்தாள். வேனில் படித்தாள். 'என் கண்ணுகளா' என்றுதான் மங்கை தொடங்குவாள், நானும் அப்படித்தான் தொடங்கியிருந்தேன். ஆதிரை தாளை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "அம்மா" என்றாள். எனக்கு அது போதும் அம்மா. அதற்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று தோன்றியது.

கொடுத்தேன். நாலு வருஷ ஞாயிற்றுக்கிழமை.

ஏமாற்று என்று நீங்கள் நினைக்கலாம். நானும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் வேறு மாதிரி ஆகிவிட்டது. பழைய தாளைப் பார்த்து எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பேனாவை வைத்தால் கை தானாகப் போகும். எனக்குத் தெரியாத கேலியெல்லாம் வரும். கழுகுமலைக்குக் கூட்டிப்போகும் வாரத் தாளில், 'மேலே ஏறும்போது அப்பாவுக்கு மூச்சு வாங்கும், சிரிக்காதீர்கள்' என்று எழுதியிருந்தேன். எழுதி முடித்த பிறகுதான் படித்தேன். எனக்கு மூச்சு வாங்கும் என்று எனக்கே தெரியாது. அந்தச் சனிக்கிழமை மூவரும் ஏறினோம். வாங்கியது. பாதியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சிரிக்கவில்லை.

அந்தக் கழுகுமலைத் தாளில்தான் ஒரு தப்பு செய்தேன். ஒரே ஒரு தப்பு. மற்றபடி நான் எவ்வளவு ஜாக்கிரதை தெரியுமா? கொரோனா வந்து ஊரே வீட்டுக்குள் கிடந்தது. என் தாளில் அந்த வார்த்தையே வராது. ஆதிரை கேட்டாள், "அம்மாவுக்கு கொரோனா தெரியாதா?" "தெரியாதுடா, அது அம்மாவுக்கு அப்புறம் வந்தது." அப்படி இருந்தேன். புதுச் செய்தி, புதுக் கண்டுபிடிப்பு எதுவும் கிடையாது. அவள் கண் மூடின நாளோடு உலகத்தை நிறுத்தி வைத்துத்தான் எழுதினேன்.

தப்பு இதுதான். கழுகுமலை வெட்டுவான் கோயில் பார்த்திருக்கிறீர்களா? மலையை மேலிருந்து வெட்டிக்கொண்டே வந்திருக்கிறான். மேலே சிலையெல்லாம் உயிரோடு இருக்கும், கீழே வரவர வெறும் பாறை. முடிக்கவில்லை, விட்டுவிட்டான். அதே காலத்தில் எல்லோராவில் இப்படி ஒரு மலையை வெட்டி முடித்திருக்கிறார்கள். அதைச் சொல்ல வந்து, 'எல்லோராவைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம், அப்பாவிடம் இருபது ரூபாய் நோட்டு வாங்கித் திருப்பிப் பாருங்கள்' என்று எழுதிவிட்டேன். எழுதும்போது டீக்கு மிச்சம் வந்த நோட்டு மேஜையில் கிடந்தது. அந்தப் பச்சை நோட்டு.

வேனில் படித்தாள். நான் பர்சிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் திருப்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். இட்லி ஆறிப்போயிற்று. படத்தை அவ்வளவு நேரம் ரசிக்கிறாளே, அம்மாவைப் போலவே கண் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"அப்பா, இந்த நோட்டு எப்பப்பா வந்துச்சு?"

"எப்பவும் இருக்கிற நோட்டுதாண்டா."

"இதை நான் வச்சுக்கிடட்டுமா?"

"வச்சுக்கோ. ஏன், மிட்டாய் வாங்கவா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். மடிக்காமல் நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். மறுவாரம் பெட்ரோல் பங்கில் மிச்சம் வாங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நோட்டின் பின்பக்கம் இடது ஓரத்தில் அச்சடித்த வருஷம் பொடியாக இருக்கும். இரண்டாயிரத்துப் பத்தொன்பது. மங்கை போனதற்கு அடுத்த வருஷம் வந்த நோட்டு. பின்னால் வந்தவன் ஹாரன் அடிக்கிற வரை நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் மனதைத் தேற்றிக்கொண்டேன். பத்து வயசுப் பிள்ளை. படத்தைப் பார்க்குமா, ஓரத்தில் இருக்கிற வருஷத்தைப் பார்க்குமா? அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆக, கண்டுபிடிக்கவில்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அந்தக் கழுகுமலைத் தாளின் கடைசிக் கேள்வி, 'முடிக்காமல் ஏன் விட்டார்கள்?' மலை மேல் நின்று வேனிலிடம் கேட்டேன். அவள் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "முடிக்காட்டியும் நல்லாத்தான்ப்பா இருக்கு. விட்ட இடத்துல விட்டாத்தான் யாரு செஞ்சதுன்னு தெரியும்" என்றாள். பாருங்கள், அந்த வயசில் என்ன ஒரு கலைப் பார்வை.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு தாளையும் தன் நோட்டில் அப்படியே பார்த்து எழுதுவாள், அதே பழுப்பு மையில். "எழுத்து நல்லா வரணும்லாப்பா" என்றாள். வந்தது. பன்னிரண்டு வயசில் அவள் எழுதின பால் கணக்கைப் பார்த்துவிட்டு மங்கையின் தம்பி குமரேசன் அழுதேவிட்டான், அக்கா எழுத்து என்று. 'ழ' வால் அடுத்த வரியைத் தொட்டது.

ஆதிரை வேறு மாதிரி. அவள் காலி உறையில் பதில் எழுதி வைத்துவிடுவாள். 'அம்மா, ராஜராஜனுக்கு அம்மை போட்டதா?' அதைப் படித்துவிட்டு நான் சும்மா இருக்க முடியுமா? அடுத்த வாரத் தாளில், 'ராஜாவுக்கு அம்மை போடுமா என்று ஆதிரைக்குச் சந்தேகம் வந்திருக்கும்' என்று எழுதினேன். அன்றைக்கு அந்தப் பிள்ளை முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வீட்டைச் சுற்றி ஓடினாள், "அம்மாவுக்குக் கேக்குது, அம்மாவுக்குக் கேக்குது" என்று. அதன் பிறகு பீரோவோடு பேச ஆரம்பித்தாள். நாள் முழுக்க நடந்ததையெல்லாம் அதன் கதவில் வாயை வைத்துச் சொல்வாள். திங்கட்கிழமை மட்டும் ஒரு தட்டு அதிகம் வைப்பாள். ஐந்து வயசில் தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்குத் தாய் முகமே மறந்துபோகும் என்பார்கள். இவளுக்கு மறக்கவில்லை பாருங்கள். அது என் உழைப்பு.

குமரேசனுக்கு அது புரியவில்லை. நாகர்கோவிலில் அவன் மகளுக்குப் பூப்பு நீராட்டு, திங்கட்கிழமை காலை. முந்தின நாளே காரில் வந்து நிற்கிறான். ஆதிரை வாசல் கிராதிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறாள். "நாளைக்கு அம்மா வருவா. நான் இல்லன்னா தேடுவா." ஒன்பது வயசு. குமரேசன் அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. வேனில்தான் போய் அவள் காதில் ஏதோ சொல்லி உள்ளே கூட்டிப்போனாள். குமரேசன் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "அத்தான், கோவிச்சுக்காதீக. இது நல்லா இல்ல. அக்கா இருந்தா இத விட மாட்டா" என்றான். அக்கா இருந்தால் எதற்கு இதெல்லாம்? அவனுக்குப் பிள்ளை வளர்ப்பில் அவ்வளவுதான் தெரியும்.

அதே வாரம் வேனில் கேட்டாள். அடுப்பில் தோசை போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்பா, வர்ற ஜூன்ல என்னையும் ஆதிரையையும் பள்ளிக்கூடத்துல சேக்கீங்களா?"

"எதுக்கு? இங்க என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல. அவளுக்குப் பேசுறதுக்கு ஆள் வேணும்ப்பா. பீரோகூடப் பேசுதா."

"அம்மா திட்டம்னு ஒண்ணு இருக்கு வேனில். அம்மா என்ன எழுதி வச்சிருக்காளோ அதுதான். நீயோ நானோ மாத்த முடியாது."

"அம்மா எழுதி வச்சிருந்தா சேத்துருவீங்களா?"

"அம்மா எழுதியிருந்தா நான் ஏன் மறுக்கேன்?"

தோசையைத் திருப்பிப் போட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நல்ல பிள்ளை, அடம் பிடிக்காது.

போன மார்ச்சில் ஆறாம் வருஷம் முடிகிற நேரம். முப்பத்தைந்து வாரமும் எழுதிவிட்டேன். முப்பத்தாறாம் வாரம், தலைப்பு 'நம் வீடு'. அந்த ஞாயிற்றுக்கிழமை அதே மேஜையில் உட்கார்ந்தேன். 'என் கண்ணுகளா' என்று எழுதினேன். நின்றுவிட்டது. கை நின்றுவிட்டது அம்மா. நாலு வருஷமாகத் தானாக ஓடின கை. ஒரு மணி, இரண்டு மணி. தாளைக் கிழித்துவிட்டு இன்னொரு தாள் எடுத்தேன், அதிலும் அந்த இரண்டு வார்த்தைதான். நம் வீட்டைப் பற்றி அவள் என்ன சொல்வாள்? எதைக் கேட்டாலும் என் குரல்தான் எனக்குக் கேட்டது. பாய் வந்து "உடம்பு சரியில்லையா சார்?" என்றார். எழுந்து வந்துவிட்டேன். முடிந்தது, அவள் போய்விட்டாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் தெரியவில்லை. காடாற்றுகிற அன்றைக்கும் தெரியவில்லை. இந்தக் கடைப் படியில் செருப்பு மாட்டும்போது தெரிந்தது.

பிள்ளைகளிடம் கடைசித் தாளைக் கரையான் அரித்துவிட்டது என்று சொல்லிவிடலாம், இரண்டாம் சுற்று என்று மறுபடி கற்காலத்திலிருந்து தொடங்கிவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

காலையில் சமையலறைக்கு வருகிறேன். இட்லித் தட்டு. பக்கத்தில் உறை.

ஆறாம் ஆண்டு, முப்பத்தாறாம் வாரம். பழுப்பு மை. நான் வைக்கவில்லை. நான் எழுதவில்லை. ஆதிரை பிரித்தாள். வேனில் வழக்கமாகப் படிப்பவள், அன்றைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று என்னிடம் நீட்டினாள். நான்தான் படித்தேன். அந்தத் தாள் இதோ, தனிக் கவரில் வைத்திருக்கிறேன். தொட வேண்டாம், நான் படிக்கிறேன்.

'என் கண்ணுகளா, இந்த வாரம் படிக்க ஒன்றும் இல்லை. நான் எழுதினது முடிந்தது. ஜூன் மாதம் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் சேருங்கள், அப்பா கூட்டிக்கொண்டு போவார். பிள்ளைகளோட பிள்ளைகளா இருங்கள். ஆதிரை, இனிமேல் திங்கட்கிழமை நான் வர மாட்டேன். நீ தட்டு வைக்க வேண்டாம். உன்மேல் கோபம் இல்லை, எழுத வேண்டியதெல்லாம் எழுதிவிட்டேன், அதனால்தான். அப்பாவை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள். பாவம், கை வலிக்கும்.'

கீழே 'கேள்வி' என்று போட்டு, இடம் காலியாக விட்டிருக்கிறது.

சொல்லுங்கள் அம்மா. 'பிள்ளைகளோட பிள்ளைகளா'. அந்த வார்த்தையை ஆஸ்பத்திரி அறையில் அவள் சொன்னாள், நான் கேட்டேன். மூன்றாவது ஆள் அங்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போகிறேன் என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். நாலு வருஷமாக வாராவாரம் காற்றுப் பிடிக்கிறேன், ஒரு நாள் ஒரு கேள்வி கேட்டதில்லை. என் கை வலிக்கும் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

ஆதிரை அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். அம்மா செத்துப்போனபோதுகூட அப்படி அழவில்லை. வேனில் அவளை மடியில் போட்டுக்கொண்டு, தலையைத் தடவிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் வலது கை நடுவிரலில் பழுப்பாகக் கறை. தினம் தாளைப் பார்த்து எழுதுகிற பிள்ளை, கறை இல்லாமல் இருக்குமா?

அடுத்த திங்கட்கிழமை ஆதிரை தட்டு வைக்கவில்லை. மூன்று தட்டுதான். பீரோ பக்கமும் போகவில்லை. நான்தான் அன்றைக்கு இரண்டு தடவை போய்த் திறந்து பார்த்தேன்.

அட்மிஷன் போட்டாயிற்று. பெரியவளுக்கு ஒன்பதாவது, சின்னவளுக்கு ஐந்தாவது. ஊதா பாவாடைத் துணி எடுத்துத் தையற்கடையில் கொடுத்திருக்கிறது. அவள் எழுதிவிட்டாளே, நான் என்ன செய்ய? இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில்தான் இருக்கிறேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. வேனில் பல்லாங்குழி எடுத்து வைக்கிறாள். "வாங்கப்பா, கை வலிக்காது" என்கிறாள்.

ஆ, வந்துவிட்டது. பாருங்கள், ஃபேன் சுற்றுகிறது. பாய், முதல் ஃபைலிலிருந்து போடுங்கள். இந்த அம்மாவுக்கு நாலு மணி பஸ்.

இல்லை அம்மா, எதற்குத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், எல்லாமே மங்கை திட்டம்தான். முதல் இரண்டு ஃபைல் மட்டும் போதுமா? ஏன்? சரி. உங்கள் இஷ்டம். இரண்டு போதும் என்றால் இரண்டு.

என்ன பாய்? அந்தக் கவரா? அதை ஏன் கையில் எடுத்தீர்கள்?

"இல்ல சார், இது நம்ம கடைப் பேப்பரு. அதுவும் இப்ப வந்த புதுக் கட்டு, ஓரத்துல நீலமாத் தெரியுதுல்லா? பிப்ரவரிலதான் வந்துச்சு. மூத்த பாப்பா வந்து, மாமா ஒத்தத் தாள் மட்டும் குடுங்கன்னு வாங்கிட்டுப் போச்சே. பழுப்பு மையும் ஒரு பாட்டில். இதையும் ஒரு காப்பி போடவா?"

கேட்டீர்களா அம்மா? பாய்க்கு வயசாகிவிட்டது. எந்தக் கட்டு எப்போது வந்தது, யார் வாங்கினார்கள், எல்லாம் குழம்பிக்கொண்டு வருகிறது. இருபது வருஷமாகப் பேப்பருக்குள்ளேயே கிடந்தால் எல்லாத் தாளும் ஒன்றாகத்தான் தெரியும்.

கொடுங்கள் பாய். மடக்காதீர்கள், அப்படியே கொடுங்கள்.

அதை மட்டும் போட வேண்டாம். அது எனக்கு எழுதினது.